ஜமீலாக்கா சுற்றிய டிரான்ஸ்பார்மர்

உக்கடம் பெரிய குளத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் காகிதத் துண்டு இருந்தது. அதைச் சாம்பிளாகக் காட்டி, அதே கனத்தில் பத்துத் தாள் வாங்கிவரச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள். காகிதக் கடை டவுன்ஹால் பக்கம். நான் நடந்தது அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

வழி தெரியாமல் இல்லை. ஆறேழு தடவை போய்வந்த கடைதான். சந்து முனையில் இடதுகைப் பக்கம் திரும்ப வேண்டிய கால் வலதுகைப் பக்கம் திரும்பிவிட்டது. கால் மேல் பழி போட்டு என்ன, நான்தான் திரும்பினேன்.

விரல் நுனியில் எரிந்த வார்னிஷ் வாடை அடித்தது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் போகவில்லை. குளத்திலிருந்து ஆகாயத்தாமரையும் சாக்கடையும் கலந்த காற்று வந்துகொண்டிருந்தது. அந்த நாற்றத்தையும் மீறி என் கை எனக்கு மணத்தது.

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகர், "ஒரு வேலையிலும் நிலையாகத் தங்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறீர்களே, எதையாவது விட்டுவிட்டு வந்ததற்காக வருத்தப்பட்டதுண்டா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். லாரி கிளீனர் வேலையை விட்டதற்கு வருத்தமில்லை. நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லை விட்டதற்கு என் நுரையீரல் இன்றைக்கும் நன்றி சொல்கிறது. இந்த ஒன்றுக்கு உண்டு. அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

ஹாரன் கத்தக் கூடாது

கோபிசெட்டிபாளையத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊரில் எட்டாவது வரை படித்தேன். எட்டாவதில் இரண்டு தடவை உட்கார்ந்ததால் மற்றவர்களைவிட அதை நன்றாகவே படித்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு செய்த வேலைகளில் நீண்ட நாள் நீடித்தது மைக் செட்டு வேலை. காதுகுத்து, கல்யாணம், பூப்பு நன்னீராட்டு, கட்சிக் கூட்டம். வேப்பமரத்தில் ஏறி ஹாரன் ஸ்பீக்கர் கட்டுவேன். சோறு அந்தந்த விசேஷ வீட்டில். தூக்கம் ஆம்ப்ளிபயர் பெட்டி மேல்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. விசேஷத்தின் நடுவில் பெட்டியை மாற்ற வேண்டி வந்தால், முதலில் ஹாரன் வயரைப் பிடுங்க வேண்டும். பிடுங்காமல் வேறு எதிலாவது கை வைத்தால் "டொம்" என்று ஒரு சத்தம் வரும், இல்லாவிட்டால் கீச்சென்று கத்தும். தாலி கட்டுகிற நேரத்தில் அப்படிக் கத்தினால் பந்தலே திரும்பி நம்மைப் பார்க்கும். அந்தியூர் பக்கம் ஒரு கல்யாணத்தில் என்னை அப்படிப் பார்த்தார்கள். எங்கள் முதலாளி சோற்றுப் பந்தி முடிகிறவரை காத்திருந்து, பந்தலுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு அறை விட்டார்.

"மொதல்ல வயரு. அப்பறந்தான் மத்ததெல்லாம். மறந்துபோட்டா மரத்துல உன்னையுஞ் சேத்துக் கட்டிப்போடுவேன்."

மறக்கவில்லை. கைக்கே பழகிவிட்டது. எதில் கோளாறு என்றாலும் புத்திக்கு முன்னால் கை போய் வயரைப் பிடுங்கும். அந்தப் பெட்டிகள் எல்லாம் டிரான்சிஸ்டர் பெட்டிகள். அவற்றுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

அப்பாஸ் பாய் வீடு

பெட்டி ரிப்பேரானால் கோயமுத்தூரில் அப்பாஸ் பாயிடம் கொண்டுவருவோம். பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. முன் அறைதான் பட்டறை. மைக் செட்டு முதலாளி தொழிலை விற்றுவிட்டு மாப்பிள்ளை ஊருக்குப் போனபோது, கடைசி ரிப்பேரைக் கொண்டுவந்த நான் பாய் வீட்டிலேயே தங்கிவிட்டேன். எனக்கு முப்பது வயசு நெருங்கியிருந்தது. பாய்க்கு என்னைவிடப் பத்து வயசு கூட. அவர் மனைவி ஜமீலாக்காவுக்கு என்னைவிட இரண்டோ மூன்றோ.

தங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கிளம்பச் சொல்லியும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஜமீலாக்கா தட்டில் சோறு போட்டுக்கொண்டே, "ஏனுங்க தம்பி, படுக்கப் பாய் மட்டும் போதுமா, போர்வையும் சேர்த்து வேணுமா?" என்று கேட்டார். அதுதான் எனக்கு வேலை கொடுத்த உத்தரவு.

பாய் அப்போது ஒரு காரியத்தில் இறங்கியிருந்தார். வீட்டில் உட்கார்ந்து ரெக்கார்டு கேட்கிறவர்களுக்காக ஒரு வால்வு ஆம்ப்ளிபயர். ஊரெல்லாம் டிரான்சிஸ்டருக்கு மாறி, ஆடியோ சி.டி.யும் வந்துவிட்ட நேரம். "இவுரு மட்டும் ரிவர்ஸ் கியர்ல போறாரு" என்று பக்கத்து வாட்ச் கடைக்காரர் சிரிப்பார். ஆனால் காது விவரமானவர்கள் சிலர் வால்வையே தேடிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் குழலுக்குள் செம்பருத்தி நிறத்தில் இழை கனன்று, ஒரு நிமிஷம் கழித்துத்தான் சத்தம் வரும். வந்த பிறகு பாடுகிறவர் அந்த அறைக்குள்ளேயே மூச்சு விடுவது போல இருக்கும்.

அந்த மூச்சு வால்வில் மட்டும் இல்லை. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்கும். இரும்புத் தகட்டு அடுக்கில் தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். அது சரியில்லை என்றால் எத்தனை நல்ல வால்வு போட்டாலும் பீப்பாய்க்குள்ளிருந்து பாடுவது போலத்தான் கேட்கும். கடையில் கிடைத்ததெல்லாம் மைக்குக்கு ஆனது. பாய்க்கு அது பிடிக்கவில்லை. அதனால் ஜமீலாக்கா சுற்றினார்.

பழைய தையல் மிஷின் சக்கரத்தை ஒரு பலகையில் பொருத்தி, ஒரு கையால் சக்கரம், ஒரு கையால் கம்பி. ஒரு அடுக்கு முடிந்ததும், அடுக்கு விட்டு அடுக்கு கரண்டு தாவாமல் இருக்கப் பழுப்புக் காகிதம் ஒரு சுற்று. மறுபடி கம்பி. நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையை எடுத்து டம்ளரில் போடுவார். எண்ணும்போது பேச மாட்டார். ஏதாவது கேட்டால் புருவம்தான் பதில் சொல்லும். இடது புருவம் ஏறினால் ஆமாம், இரண்டும் ஏறினால் "வாயை மூடு".

"இவ வாயை மூடறதுக்குன்னே நான் இந்தத் தொழிலுக்கு வந்தனுங்க" என்பார் பாய்.

டம்ளரில் கொட்டை விழுகிற சத்தம் கேட்டதும் அக்கா திரும்புவார். "எண்ணி முடிச்சதும் பேசிக்கறேன், ஓடிப் போயிராதீங்க."

ஒரு செட்டுக்கு வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று என்று இரண்டு டிரான்ஸ்பார்மர். வீட்டு வேலை போக மிச்ச நேரத்தில் சுற்றி முடிக்க ஒன்றரை மாசத்துக்கு மேல் ஆனது. முடித்து வார்னிஷ் பூசிய அன்றைக்கு, இரண்டின் இரும்பின் மேலும் நகப் பாலிஷால் சின்னதாக ஒரு "ஜ" எழுதினார்.

"இதெல்லாம் உள்ள மறைஞ்சு போயிருமே அக்கா, யார் பார்க்கப் போறாங்க?" என்றேன்.

"ரிப்பேர்னு தொறக்கறவன் பார்ப்பானல்ல. யாரு சுத்துனதுன்னு கேப்பானல்ல."

முகத்துக்காகச் சொல்லிவிடுவார்கள்

அந்த முதல் செட்டு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் டாக்டரம்மா வீட்டுக்குப் போக வேண்டியது. அவர் வீட்டில் மாசத்துக்கு ஒரு ஞாயிறு நாலைந்து பேர் கூடி ரெக்கார்டு கேட்பார்கள். டாக்டரம்மா எதை எடுக்கிறாரோ அதையே தாங்களும் எடுப்பதாக அதில் இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். அது நடந்தால் மைக் பெட்டி ரிப்பேரை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொள்வது என்று பாய் வீட்டில் பேச்சு. அக்கா சந்து முனையில் வைக்கப் போகிற போர்டுக்கு நிறம்கூட யோசித்து வைத்திருந்தார். கரும்பச்சை.

போட்டிக்கு ஒரு செட்டு இருந்தது. டாக்டரம்மாவின் கொழுந்தனார் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு வால்வு செட்டைக் கொண்டுவந்திருந்தார். முகமெல்லாம் வெள்ளித் தகடு. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை திரும்பும்போது எடுத்துப் போய்விடுவார். ஆக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டையும் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று ஏற்பாடு.

பாய் வரவில்லை. அது அவர் வழக்கம். செய்தவன் முன்னால் நின்றால் வாங்குகிறவர்கள் முகத்துக்காக நல்லாயிருக்குது என்று சொல்லிவிடுவார்கள் என்பார். எங்கள் சீமையில் அது உண்மை. சோற்றில் கல் கிடந்தாலும் "ரொம்ப நல்லாருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

"அவங்க காது கூசாம கேக்கோணும். நீங்க போங்க பழனிச்சாமி. உங்க காது நல்ல காது" என்றார்.

எனக்கு அந்தக் காதைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. எந்த வால்வு முனகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். படிப்பு இல்லாத எனக்கு அது ஒரு சர்டிபிகேட் மாதிரி.

ஆட்டோவில் செட்டை ஏற்றும்போது பாய் ஒன்றே ஒன்று சொன்னார்.

"செட்டு ஓடறப்ப ஸ்பீக்கர் வயரை மட்டும் கழட்டிராதீங்க. வால்வு செட்டுக்கு ஸ்பீக்கர் இல்லாம ஓட ஆகாது. போற கரண்டுக்குப் போக்கிடம் இல்லாம டிரான்ஸ்பார்மரைச் சுட்டுப்போடும். ஆப் பண்ணி, வால்வு செவப்பு அடங்கி, அப்பறமா கை வைங்க."

"தெரியுமுங்க பாய்" என்றேன். தெரியும்தான்.

சீவாளியின் மூச்சு

டாக்டரம்மா வீட்டு ஹாலில் சிவப்புத் தரை. ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும், நல்ல கலகலப்பு.

"அந்த வெள்ளித் தகட்டையெல்லாம் என்ற கண்ணுல காட்டாதீங்க. தினமும் நூறு வாய் பார்க்கறேன். வெளிய பளபளப்பா இருக்கற பல்லுலதானுங்க உள்ளுக்குள்ள சொத்தை இருக்குது."

நாதஸ்வர ரெக்கார்டு ஒன்றைப் போட்டார். முதலில் பாய் செட்டு. பிறகு அணைத்து, வால்வு ஆறி, வயரை மாற்றி, சிங்கப்பூர் செட்டைப் போட்டு, அது சூடேறி, முள்ளை மறுபடி வைத்து. ஐந்து நிமிஷம் போய்விட்டது.

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "ஏனுங்க, போன செட்டு எப்படி இருந்துச்சுன்னே மறந்து போச்சுங்களே. சாம்பார் ஊத்தின கையோட ரசம் ஊத்துனாத்தானே வித்தியாசம் தெரியும்?"

"டக்குன்னு மாத்திக் காட்டட்டுங்களா?" என்றேன்.

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. அவர் கேட்கச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன்.

ரெக்கார்டு பிளேயர் வயரை இரண்டாகப் பிரித்து இரண்டு செட்டுக்கும் கொடுத்தேன். ஸ்பீக்கர் வயரின் நுனிகளில் பிளக் முறுக்கினேன். இரண்டு செட்டும் ஒரே நேரத்தில் ஓடின. ஸ்பீக்கர் ஒன்றில் இருக்கும்போது மற்றது வெறுமனே ஓடியது. பாய் சொன்னது ஞாபகம் இருந்தது. கொஞ்ச நேரம்தானே, சத்தமும் குறைவுதானே என்று நினைத்துக்கொண்டேன். கையோ, பந்தலில் பழகிய கை. பிடுங்கு, சொருகு. பிடுங்கு, சொருகு. "டொம்" சத்தம்கூட இல்லை.

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எது எந்த செட்டு என்று நான் சொல்லவில்லை. ஐந்தாறு மாற்றலுக்குப் பிறகு கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. இதுதானுங்க. ஊதறதுக்கு முன்னால அவர் மூச்சு இழுக்கறது கேக்குது. வாயில வெக்கற சீவாளி எச்சில்ல நனைஞ்சிருக்கறதுகூட கேக்குது. எதுங்க இது?"

"பாய் செய்ததுங்க."

"அட!" என்று எழுந்தே விட்டார். "இருங்க, எங்கூட்டுக்காரரையும் கூப்படறேன். சும்மா தூங்கிட்டிருக்காரு, வந்து கேக்கட்டும்." உள்ளே போனார்.

அத்தோடு நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். பாய் ஜெயித்தாகிவிட்டது. கரும்பச்சை போர்டுக்கு ஆசாரியைப் பார்க்கப் போக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவர் வீட்டுக்காரர் வரும்போது முதலில் சிங்கப்பூர் செட்டு பாடிக்கொண்டிருக்க வேண்டும், நான் சட்டென்று மாற்ற வேண்டும், அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. வித்தை காட்டுகிறவனின் ஆசை. இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று சத்தத்தையும் ஏற்றி வைத்தேன். வயரைப் பிடுங்கிச் சிங்கப்பூர் செட்டில் சொருகிவிட்டுக் காத்திருந்தேன்.

ரெக்கார்டில் தவில் தொடங்கியது.

பாய் செட்டுக்குள்ளிருந்து "டிக்" என்று ஒரு சத்தம். நகம் சொடுக்குவது போல. தவில் அடியோடு இன்னொரு "டிக்". வெல்லப்பாகு அடிப்பிடித்தது போல ஒரு வாடை மெல்ல எழுந்தது.

ஓடிப்போய் வயரை மாற்றிச் சொருகினேன். பாடியது. ஆனால் வலது பக்கம் தொண்டை அடைத்துக்கொண்டு பாடியது.

நல்லாத்தானுங்க இருக்குது

டாக்டரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்தார்கள். அவர் தூக்கக் கலக்கத்தோடு வேட்டியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"ஏன் கண்ணு, ஒரு பக்கம் ஜலதோஷம் புடிச்ச மாதிரி இருக்குதே?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவர் மூக்கு லேசாக அசைந்தது. வாடை அவருக்கும் தெரிந்திருக்கும். "நான் வயரைக் கழட்டிட்டேன், தப்பு என்ற மேலங்க" என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது.

"வால்வு சூடு ஜாஸ்தியாயிருச்சு போலங்க" என்றேன்.

"பரவாயில்லீங்க" என்றார். முகம் மாறாமல் இருக்கப் பார்த்தார். "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நாளைக்கு எங்க கொழுந்தனார் ஊருக்குக் கிளம்பறாரு. அவரு கொண்டாந்ததைத் திருப்பி அனுப்பிச்சுட்டு, அப்பறம் இதுல எதாச்சும்னா... இப்போதைக்கு அதே இருக்கட்டுங்க. பாய்கிட்ட ரொம்ப நல்லாருந்துச்சுன்னு சொல்லுங்க, என்னங்க?"

காப்பி கொடுத்தார். ஒரு பொட்டலம் முறுக்கு கட்டிக் கொடுத்தார். ஆட்டோ வரை வந்து நின்றார். யார் மனதையும் நோகடிக்காமல் முடிந்துபோனது.

"இல்லீங்க பாய்"

பாய் செட்டைத் திறந்தார். மூக்கை வைத்துப் பார்த்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். வலது பக்க டிரான்ஸ்பார்மரில் "ஜ" எழுத்துக்குக் கீழே வார்னிஷ் கறுத்து ஒரு பொட்டு.

"ஓடறப்ப ஸ்பீக்கர் வயர் எங்கயாச்சும் கழண்டுச்சுங்களா?"

அவர் அதட்டிக் கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்பட்டும் கேட்கவில்லை. ஒரு ரிப்பேர்க்காரர் கேட்கிற முதல் கேள்வி அது, அவ்வளவுதான்.

"இல்லீங்க பாய்" என்றேன்.

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். துரத்திவிடுவார்கள் என்ற பயமா? இருக்கலாம். எனக்குப் போர்வை கொடுத்த வீடு அது ஒன்றுதான். ஆனால் அதைவிட, "நல்ல காது" என்றவரிடம் "காது நல்லதுதான், கைதான் கெட்டது" என்று சொல்ல வாய் வரவில்லை.

பாய் மீட்டரைக் கீழே வைத்தார். வயர் கழலவில்லை என்றால் மீதி ஒரே காரணம்தான். சுற்றியதில் கோளாறு. அதை அவர் சொல்லவில்லை. அக்காவே சொன்னார்.

"எங்கயோ நான்தான் காகிதம் வெக்காம உட்டிருப்பேன்."

"அப்படியெல்லாம் இருக்காது, உடு" என்றார் பாய்.

"பின்ன? தானாவா எரியும்?"

மறுநாள் காலையிலேயே அக்கா தகடுகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, தான் சுற்றியதைத் தானே பிரிக்க உட்கார்ந்தார். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, பிரிந்து வருகிற கம்பியைக் கட்டையில் சுற்றினேன். அப்படித்தான் அந்த வாடை என் விரலில் ஏறியது. இரண்டு நாள் பிரித்தார். கருகிய இடம் வந்தது. அதற்கு மேல் அடுக்குக் காகிதம் பொத்தலாகியிருந்தது. அங்கே காகிதம் இல்லை என்று சொல்ல முடியாது, இருந்தது என்றும் சொல்ல முடியாது. சாம்பலாகத்தான் இருந்தது.

அக்கா சாம்பலை விரலில் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முகம் தெளிந்தது. கண்டுபிடித்துவிட்டவர் போல.

"ஞாபகம் வந்திருச்சு தம்பி. அன்னைக்குப் பால் பொங்கிருச்சு. கையில இருந்ததைப் போட்டுட்டு ஓடுனேன். திரும்பி வந்து காகிதம் சுத்தாமயே அடுத்த அடுக்கு ஆரம்பிச்சிருக்கேன். ஆமா. இந்த எடந்தான்."

அப்படி ஒரு நாள் பால் பொங்கியது எனக்கும் நினைவிருந்தது. திரும்பி வந்து அவர் முதலில் செய்தது காகிதத்தைச் சுற்றியதுதான். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா, நீங்க வெச்சீங்க" என்று சொன்னால், "அப்பறம் எப்படி எரிஞ்சது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் மட்டும்தான் பதில் இருந்தது.

"இருக்குமுங்கக்கா" என்றேன்.

மொத்தத்தில் நான் சொன்ன பொய்களிலேயே சின்னது அது. ஒரு சொல்தான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. புளியங்கொட்டை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மிச்சமிருந்த பழுப்புக் காகிதத்தில் ஒரு துண்டு கிழித்து என்னிடம் நீட்டினார்.

"இதே கனத்துல பத்துத் தாள் வாங்கிட்டு வாங்க தம்பி. இந்தத் தடவை அடுக்குக்கு ரெண்டு காகிதமா வெச்சுப்போடறேன். சீக்கிரம் வாங்க, முருங்கைக்காய் கொழம்பு."

"வாரேனுங்கக்கா" என்று செருப்பை மாட்டினேன்.

பிறகு கேள்விப்பட்டது

நாலைந்து வருஷம் கழித்து ஒரு தடவை அந்தச் சந்துக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். முன் அறையில் யாரோ லெதர் பை தைத்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச் கடைக்காரர் மட்டும் இருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"பாய் குடும்பத்தோட ஈரோட்டுப் பக்கம் போயிட்டாருங்க. அங்க டி.வி., மிக்ஸி ரிப்பேருன்னு நல்லாத்தான் இருக்காருன்னு கேள்வி."

"வால்வு செட்டு?"

"அதை அப்பவே விட்டுட்டாரே. வேற டிரான்ஸ்பார்மர் போட்டுப் பார்த்தாரு, செட்டாகலை. அந்தம்மா அப்பறம் சுத்தவே இல்லீங்க. காகிதம் வாங்கப் போன ஆளு வரவே இல்லை, சகுனமே சரியில்லை, என்ற கைக்கு ராசி இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க."

தாடி வைத்திருந்ததால் நான்தான் அந்த ஆள் என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. ஈரோடு பெரிய ஊர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பின்னாளில் விவரம் தெரிந்த ஒருவர், வெளிநாட்டு செட்டுகள் சிலவற்றில் ஸ்பீக்கர் கழன்றாலும் தாங்குகிற மாதிரி உள்ளே ஒரு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள் என்று சொன்னார். சிங்கப்பூர் செட்டு அதனால் தப்பித்திருக்கலாம். பாய் செட்டில் அது இல்லை. பாய் எதிர்பார்த்த ஆள், சொன்னால் கேட்கிற ஆள்.

உடுமலைப்பேட்டை

காகிதம் வாங்கக் கிளம்பிய அன்றைக்கு, குளத்தங்கரையைத் தாண்டி உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். முதலில் கிளம்பிய பஸ் உடுமலைப்பேட்டைக்குப் போவது. ஏறினேன். பொள்ளாச்சி தாண்டியதும் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. பாய் வீட்டில் அந்நேரம் முருங்கைக்காய்க் குழம்பு இறக்கியிருப்பார்கள். என் தட்டையும் எடுத்து வைத்திருப்பார்கள். அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். அது எனக்குப் புதிதில்லை.

காலையில் தேங்காய் மண்டிகளுக்குப் பக்கத்துத் தெருவில் நடந்தேன். ஒரு கடையிலிருந்து எரிந்த வார்னிஷ் வாடை வந்தது. மோட்டார் ரீவைண்டிங் பட்டறை. வேறு எந்த வாடையாக இருந்திருந்தாலும் தாண்டிப் போயிருப்பேன்.

வாசலில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தோட்டக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கிணற்று மோட்டார் எரிந்துவிட்டதாம். "போன மாசந்தானுங்க சுத்திக் குடுத்தீங்க. சுத்துனவனுக்குக் கை வெளங்கலையாட்ட இருக்குது!"

பட்டறைக்காரர் மோட்டாருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்துனவங்க மேல தப்பு இருக்காதுங்க" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் ஏன் சொன்னேன் என்று எனக்கும் அப்போது தெரியாது.

தோட்டக்காரர் முணுமுணுத்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் போனார். பட்டறைக்காரர் சிரித்தார். "வந்து நின்னு ஒரு நிமிஷம் ஆகலை, தீர்ப்பே சொல்லிப்போட்டீங்க. வைண்டிங் வேலை தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க. பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன்."

"யாரு சுத்தி?"

"எங்கக்கா."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஒரு உளியும் சுத்தியலும் கொடுத்து, எரிந்த காயில்களை, அதாவது கம்பிச் சுருள்களை, வெட்டி எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு காயிலிலும் எத்தனை சுற்று என்று எண்ணிச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்குப்படிதான் புதுசு சுற்றுவார்கள்.

"எண்ணி முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுங்க. நடுவுல பேசினா விட்டுப்போகும்" என்றார்.

"சரிங்க" என்றேன்.

வாயைத் திறக்காமல் இருப்பதில் அதற்குள் எனக்கு நல்ல பழக்கம் வந்திருந்தது. சட்டைப் பையில் இருந்த பழுப்புக் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தேன். தரையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன்.